பூவரசங்குழை

பெப்ரவரி 3, திங்கள்

இதை எழுதச் சொன்னது கிளினிக் நேர்ஸ் மிஸி. சீனி வருத்தக்காரன் என்ன தின்கிறான், குளிசை போடுகிறானா, எவ்வளவு தூரம் நடக்கிறான், எல்லாவற்றையும் நாள் தவறாமல் எழுதி, மார்ச் 5ஆம் தேதி கிளினிக்குக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். மருந்துக் கொம்பனி டயரி ஒன்றையும் கையில் தந்தது அந்தப் பிள்ளை.

"அப்பு, பொய் எழுதக் கூடாது, சரியோ?"

"பொய் எழுதுற அளவுக்கு நான் படிக்கேல்லைப் பிள்ளை. அஞ்சாம் வகுப்பு. அதுவும் வாத்தியார் என்னைத் தாங்கேலாமல் ஏத்திவிட்டது."

வாங்கில் வரிசையாய் இருந்த கிழவிகள் எல்லாம் சிரித்தார்கள். ஒருத்திக்குப் பல் கட்டு கழன்றுவிட்டது.

பெயர் கணவதிப்பிள்ளை. வயது எழுபத்து மூன்று. ஊர் வீரையடிக்குளம். மனிசி போய்ப் பதினொரு வருடம். மகள் தவமலரோடும் மருமகன் நவத்தோடும் இருக்கிறேன். ஊரில் என்னைக் கூப்பிடுவது பகிடியர் என்று. யாரையாவது பகிடி பண்ணாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. அதையும் வருத்தங்களோடு சேர்த்துக்கொள்ளவும்.

காலை: பாண் இரண்டு துண்டு, சம்பல். மத்தியானம்: சோறு ஒரு அகப்பை. (அகப்பை பெரிது.) இரவு: பிட்டு. குளிசை: போட்டேன். நடை: என் சின்ன வயதுக் கூட்டாளி மயில்வாகனத்தின் வீடு வரை போய், அவனை ஏசிவிட்டுத் திரும்பினேன்.

பெப்ரவரி 5, புதன்

இன்று மயில்வாகனம் என் வாசல் படலைக்கு வந்து நின்று கத்தினான். நல்ல சந்தோசம்.

மிஸி டவுன் பிள்ளை, இது விளங்காது. எங்கள் பக்கத்தில் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைப்பார்கள். துவக்கை மரத்தோடு கட்டி, பன்றி வரும் பாதைக்குக் குறுக்கே நூல் விடுவது. பன்றி முட்டினால் வெடிக்கும். பிடித்துச் சுட ஆள் தேவையில்லை. சட்டத்துக்கு அது குற்றம். ஆனால் கட்டுகிறவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. பொழுதுபடக் கட்டி விடிய அவிழ்க்க வேண்டும். கட்டிய இடத்துக்கு இரண்டு பக்கமும் பச்சை இலையோடு குழை முறித்துப் பாதையில் குறுக்கே போட வேண்டும். குழை கிடந்தால் எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளையும் அந்தப் பக்கம் போகாது.

நான் என்ன செய்தேன் என்றால், மயில்வாகனம் மாடு சாய்த்துப் போகிற பாதையில் சும்மா ஒரு குழையைப் போட்டுவிட்டேன். துவக்கும் இல்லை, நூலும் இல்லை. மூன்று நாளாக மனிசன் ஒன்பது மாட்டையும் கொண்டு குளக்கட்டைச் சுற்றி நடந்திருக்கிறான். நாலாம் நாள்தான் குழையைக் குனிந்து பார்த்திருக்கிறான்.

"டேய் கணவதி! காட்டுக்கை பூவரசு ஆர்ரா நட்டது? சுத்திவர வீரை நிக்குது, பாலை நிக்குது. ஒருத்தன் என்ர வேலிப் பூவரசை முறிச்சுக் கொண்டுவந்து எனக்கே போட்டிருக்கிறான்!"

"மூண்டு நாள் நடந்ததில உன்ர வயிறு வத்தியிருக்கு மச்சான். மிஸியிட்டைச் சொல்லி உனக்கும் ஒரு டயரி எடுத்துத் தாறன்."

"இனிமேல் பூவரசங்குழையைக் கண்டால் மிதிச்சுக்கொண்டுதான் போவன், பாத்துக்கொள்!"

அவன் மனிசி பரமேசு பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

குளிசை: போட்டேன். சிரித்ததில் சீனி குறைந்திருக்கும்.

பெப்ரவரி 8, சனி

நேற்று ராத்திரி பன்றி இறங்கிவிட்டது. நவத்தின் கச்சான் கடலைத் தோட்டத்தில் கிழக்குப் பக்கம் அரை ஏக்கர், உழுதுவிட்டது மாதிரிக் கிடக்கிறது. கிண்ட இன்னும் மூன்று கிழமை இருந்தது. நவம் தோட்டத்துக்குள் குந்தி, பன்றி விட்டுவைத்த செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். அவன் பேசாத ஆள். நான் என்ன பகிடி விட்டாலும் "சரி மாமா" என்பான். அதனால் அவனைப் பகிடி பண்ணுவதில் ருசி இல்லை.

காலை: பாண். மத்தியானம்: சோறு. வலது காலில் ஒரு சின்னப் புண். மிஸியிடம் காட்ட வேண்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கடையில் நைலோன் நூல் ஒரு கட்டை வாங்கினேன். கோழிக்கூடு திருத்த.

பெப்ரவரி 12, புதன்

நவம் துவக்குப் பெர்மிட்டுக்குப் போட்ட மனு திரும்பி வந்துவிட்டது. இன்னொரு கடிதம் வைக்க வேண்டுமாம், இன்னொரு கையெழுத்தும். எங்கள் கிராம சேவகர், ஜீ.எஸ். பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் சட்டத்தைத் தாண்டி ஒன்றும் செய்யாது. நவம் கவலைப்படவில்லை. நாலு நாளாய் ராத்திரியில் சீனவெடி கொளுத்திப் போட்டுக்கொண்டு தோட்டத்திலேயே கிடக்கிறான். பன்றிகளுக்குச் சீனவெடி திருவிழா மாதிரி.

நான் பரணைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நவம் கண்டுவிட்டான்.

"மாமா, அதில கிடக்கிறதைப் பற்றி நினைக்காதேங்கோ."

"நான் என்ன நினைச்சன்? பல்லியைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"நான் துவக்குப் பாத்தது காணும், இனி வேண்டாம். பண்டி திண்டால் தின்னட்டும்."

அவன் அண்ணனும் தங்கச்சியும் சண்டை முடிகிற மாதத்தில் போனவர்கள். பங்கருக்குள் அவன் மட்டும் மிஞ்சினான். அந்தக் கதையை அவன் எனக்குச் சொன்னதில்லை. தவமலர் சொன்னாள்.

பெப்ரவரி 15, சனி

தவமலர் பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குப் பலகாரம் சுடப் போனாள். வீட்டில் நான் தனிய. பரணில் இருந்த பழைய சாமான்களைத் துடைத்து வைத்தேன். கோழிக்கூடு இன்னும் திருத்தவில்லை.

பெப்ரவரி 18, செவ்வாய்

நவத்துக்குக் கண் சிவந்து கிடக்கிறது. பின்னேரம் அவனிடம் சொன்னேன்: "இண்டைக்கு வீட்டில படு. தோட்டத்தை நான் பாக்கிறன்." "உந்தக் காலோடையோ?" என்றான். பிறகு சாப்பிட்ட கோப்பைக்கு முன்னாலேயே சாய்ந்து தூங்கிவிட்டான்.

நடை: தோட்டம் வரை. காட்டுக்குள் போகவில்லை. புண் நோகிறது.

பொழுதுபட ஒரு வெடிச் சத்தம் கேட்டது. யார் என்று தெரியாது. தவமலர் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "பண்டி ஒண்டு விழுந்திட்டுது போல. நாளைக்கு இறைச்சி வரும், மிளகாய்த்தூள் இருக்கோ பார்" என்றேன். காயப்பட்ட பன்றி ஆளைக் கிழிக்கும். அதனால் வெடி கேட்ட இடத்துக்கு விடியும் வரை ஒருத்தரும் போவதில்லை. அதுவும் முறைதான்.

விளக்கு வைத்தபிறகு பரமேசு வந்தாள்.

"அண்ணை, இவர் இஞ்சை வந்தவரோ? சிவலைப் பசுவைக் காணேல்லை எண்டு தேடிப் போனவர். பசு தானாய் வந்து கொட்டிலில நிக்குது. ஆளைத்தான் காணேல்லை."

"பசு வந்திட்டுதெல்லோ, பிறகென்ன? ஆள் ஆரும் குமரியைக் கண்டு பின்னால போயிருப்பான். எழுபது வயசில இனித்தான் அவனுக்குப் புத்தி வந்திருக்கு."

சிரித்துக்கொண்டுதான் போனாள்.

பெப்ரவரி 19, புதன்

மயில்வாகனம் செத்துப்போனான்.

பெப்ரவரி 21, வெள்ளி

இரண்டு நாள் எழுதவில்லை. குளிசை போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

விடியத்தான் கண்டுபிடித்தார்கள். நவத்தின் தோட்டத்துக்குப் பின்னால், காட்டு ஓரத்துப் பாதையில். தொடையில் பட்டிருந்தது. வெடி பட்ட இடத்தில் இருந்து ஒரு இருபது அடி தவழ்ந்திருக்கிறான். மண்ணில் தெரிந்தது. ஊர்ப் பக்கமாய்த்தான் தவழ்ந்திருக்கிறான்.

பொலிஸ் வந்தது. துவக்கை மரத்தில் இருந்து அவிழ்த்தார்கள். துரு ஏறின பழைய சாமான். பொலிஸ் பெரியவர் அதைத் தூக்கிப் பிடித்து, "இது ஆர்ரை?" என்று கேட்டார். ஊர் முழுக்க நின்றது. நான் வாய் திறக்கமுதல் நவம் முன்னால் போய்விட்டான்.

"என்ரை, சேர்."

"கட்டினது?"

"நான்தான்."

தவமலர் அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். ஜீப்பில் ஏறும்போது நவம் என்னைத் தாண்டிப் போனான். பார்க்கவில்லை.

நேற்று நவத்தைக் கோட்டில் நீதவானுக்கு முன்னால் விட்டார்கள். மறியல். சிறையில் போட்டிருக்கிறார்கள். அடுத்த தவணை மார்ச் 6. இன்று செத்தவீடு முடிந்தது. கொள்ளி வைத்தது மயில்வாகனத்தின் தம்பி மகன். பிள்ளைகள் இரண்டு பேரும் சண்டையில் போய்விட்டார்களே.

சுடலையில் ஆட்கள் கதைத்தார்கள்.

"குழை போட்டிருந்ததாம்."

"ரெண்டு பக்கமும் போட்டிருந்ததாம். நான் கண்டனான்."

"அப்ப நவத்தில பிழை சொல்லேலாது. மயிலண்ணை பாக்காமல் போயிருக்கிறார். விதி."

"ஆசுப்பத்திரியில சொன்னதாம், வெள்ளனத் தூக்கியிருந்தால் தப்பியிருப்பார் எண்டு. இரத்தம் போய்த்தான் சீவன் போயிருக்கு."

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒருத்தரும் என்னைப் பகிடி கேட்கவில்லை.

பெப்ரவரி 22, சனி

பொழுதுபடுகிற நேரம் சிவலைப் பசு எங்கள் படலையில் வந்து நிற்கிறது. கழுத்து மணி கேட்கிறது. துரத்தினால் போகாது. தவமலர் மாட்டைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறாள். மறுபடியும் வருகிறது.

பெப்ரவரி 24, திங்கள்

கமக்காரர் அமைப்புக் கூட்டம். பொதுநோக்கு மண்டபத்தில் இடம் இல்லை. ஜீ.எஸ். பிள்ளை கடிதம் வாசித்தது. பெர்மிட் இல்லாத துவக்கு வைத்திருக்கிற ஆட்கள் பதினைந்து நாளைக்குள் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லையாம். அதற்குப் பிறகு பிடிபட்டால் மறியல்.

சின்னராசு எழும்பினான். நாலு ஏக்கர் மரவள்ளிக்காரன்.

"பிள்ளை, உந்தக் கடிதத்தைப் பண்டிக்கும் ஒருக்கால் வாசிச்சுக் காட்டுங்கோவன்."

சனம் சிரித்தது. முந்தி என்றால் அந்தப் பகிடியை நான் விட்டிருப்பேன்.

"நான் கேக்கிறன்," என்றான் சின்னராசு, "நவத்துக்கு நேரத்தோடை பெர்மிட் குடுத்திருந்தால் இது நடந்திருக்குமோ? கையில பிடிச்சுச் சுடுறவனுக்குக் கண் இருக்கு. பண்டியோ ஆளோ எண்டு பாப்பான். மரத்தில கட்டினதுக்குக் கண் இருக்கோ? துவக்கைக் குடுக்காமல் விட்டதாலதான் சனம் கட்டுது."

"கண் உள்ளவன் சுட்டதையும் பாத்தனாங்கள்தானே," என்றார் கூட்டுறவுக் கடை மனேச்சர். "இருட்டுக்கை அசையிறதெல்லாம் பண்டிதான். பெர்மிட்டைக் குடு, ஆறு மாசத்தில இஞ்சை வீட்டுக்கு ஒரு துவக்கு நிக்கும். வேலிச் சண்டைக்கும் அதைத்தான் தூக்குவாங்கள்."

"அப்ப கச்சானுக்கு என்ன செய்யிறது? உன்ர கடையில கடனுக்குத் தருவியோ?"

ஒரே சத்தம். ஜீ.எஸ். பிள்ளை மேசையில் தட்டித் தட்டிக் கை சிவந்துவிட்டது. அப்போது பின்வரிசையில் பரமேசு எழும்பினாள். வெள்ளைச் சீலை. செத்தவீட்டுத் துடக்கு கழிய முதல் கூட்டத்துக்கு வந்ததே பெரிய விசயம். சனம் அடங்கியது.

"சண்டையில என்ர ரெண்டு பிள்ளையளையும் ஆர் சுட்டது எண்டு எனக்குத் தெரியாது. கேக்கிறதுக்கும் ஆள் இருக்கேல்லை. இப்ப மனுசனைக் கேக்கிறன். ஆர் சுட்டது? ஒருத்தரும் சுடேல்லையாம். துவக்கு தானாய் வெடிச்சதாம். குழை போட்டதாம், முறைப்படிதானாம். எல்லாரும் முறைப்படிதான் செய்திருக்கிறியள். செத்த மனுசன்தான் முறை தவறிப்போனார், என்ன?"

அவள் கதைக்கும்போது சின்னராசுவைப் பார்க்கவில்லை, ஜீ.எஸ். பிள்ளையையும் பார்க்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அங்கேதான் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. கண் மங்கல், சரியாய்ச் சொல்ல முடியாது.

பெப்ரவரி 26, புதன்

மயில் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு. படையலுக்கு அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. பரமேசு எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். இவ்வளவு துக்கத்திலும் என் வருத்தம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"அண்ணை, நவம் கட்டினது எண்டு நீங்கள் நம்புறியளோ?"

"அவன்தானே சொன்னவன்."

"ஓம். அவன்தான் சொன்னவன்."

தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது அவர்கள் வேலிப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். புண்ணில் இருந்து தண்ணீர் வடிகிறது.

பெப்ரவரி 28, வெள்ளி

கச்சான் கிண்டியாயிற்று. ஊர்ச் சனம் சேர்ந்து தவமலருக்குக் கிண்டிக் கொடுத்தது. பன்றி தின்றது போக ஏழு மூட்டை. நான் வரம்பில் இருந்து பார்த்தேன். காட்டுப் பக்கத்தில் இருந்து யாரோ "டேய் கணவதி" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. பட்டப்பகல். திரும்பிப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை. தவமலரிடம் கேட்டேன், கேட்டதா என்று. "அப்பா, குளிசையை ஒழுங்காப் போடுங்கோ" என்றாள்.

ஒரு யோசனை விடமாட்டேன் என்கிறது. அன்றைக்கு அந்த இருபது அடி தவழும்போது மயில் என்ன நினைத்திருப்பான்? கணவதி இந்தமுறை பகிடியைக் கூட்டிப்போட்டான் என்றா?

மார்ச் 1, சனி

தவமலரோடு மறியலுக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நவம். மெலிந்துவிட்டான். முதலில் தவமலரோடு கதைத்தான். பிறகு அவளைத் தண்ணீர் வாங்க அனுப்பினான்.

"கச்சான் கிண்டியாச்சோ மாமா?"

"ஏழு மூட்டை."

"காலுக்கு மருந்து கட்டுறியளோ?"

"நவம், நான் பொலிஸுக்குப் போறன்" என்றேன்.

"போகாதேங்கோ. உந்தச் சீனி வருத்தத்தோடையும் புண்ணோடையும் உள்ளுக்கை வந்தால் ஒரு மாசம் தாங்கமாட்டியள். நான் இளம் ஆள், இருந்திட்டு வருவன். குழை போட்டிருக்கெண்டு ஊர் சொல்லும். சட்டத்தரணியும் அதைத்தான் சொல்லுறார்."

"பரணில கிடக்கிறதை நினைக்காதேங்கோ எண்டு நீ சொன்னனி."

"சொன்னன்தான். சொல்லிப்போட்டுத் தூங்கிட்டன். அந்தத் தூக்கத்துக்கு இது." சிரிக்கப் பார்த்தான். அவன் பகிடி விட்டதை இன்றுதான் முதன்முதல் கேட்டேன். நல்ல பகிடி இல்லை.

மார்ச் 3, திங்கள்

மூன்று சக்கர வண்டி பிடித்துப் பொலிஸுக்குப் போனேன். தவமலருக்குச் சொல்லவில்லை. வாசலில் இருந்தது தமிழ்ப் பொலிஸ்காரத் தம்பி.

"கட்டுத்துவக்குக் கட்டினது நான். மருமகன் இல்லை. அவனை விடுங்கோ."

தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அப்பு, நீங்கள்தானே அந்தப் பகிடியர்? போன வருசம் குளத்தில முதலை எண்டு ரெலிபோன் அடிச்சு, நாங்கள் ஜீப்பில ஓடிவந்து பாத்தால் மரக்கட்டை?"

"அது பகிடி. இது உண்மை."

"உந்தக் காலோட காட்டுக்கை போய் மரத்தில துவக்கைக் கட்டினியளோ? உங்களுக்கு நிக்கவே ஏலாமல் கிடக்கு." உள்ளே திரும்பி மற்றவருக்குச் சிங்களத்தில் சொன்னான். அவரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "மருமகன் ஒப்புக்கொண்டிட்டார். இப்ப மாமனார் வந்து நான் எண்டுறார். நாளைக்கு மகள் வந்து நான் எண்டுவா. விளங்குது அப்பு, பாசம். வீட்டை போங்கோ."

எனக்கு வாங்கில் இருக்க இடம் கொடுத்து, தண்ணீர் தந்து, வண்டியிலும் ஏற்றிவிட்டான்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஐம்பது வருடமாய் நான் போட்ட குழைகள் எல்லாம் பூவரசு. இப்போது உண்மைக் குழையைப் போட்டால் யார் நின்று பார்ப்பான்?

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பரமேசு வீட்டுக்குப் போனேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். சிவலை கொட்டிலில் நின்றது. கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையிலேயே சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை.

நாற்பது வருடத்தில் நான் சொன்ன ஒன்றுக்கும் அவள் சிரிக்காமல் விட்டதில்லை. இன்று சிரிக்கவில்லை. அழவும் இல்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "இஞ்சை வாங்கோ" என்று வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பூவரசில் என் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கொப்பு முறிந்த அடையாளம். அதில் புதுத் துளிர் விட்டிருந்தது.

"அண்டைக்குப் பின்னேரம் மாடு தேட வெளிக்கிடேக்கை இவர் இதைக் கண்டவர். 'எடியே, பகிடியன் திரும்பவும் வேலியை முறிச்சிட்டான். எங்கையோ எனக்குக் குழை போட்டிருக்கிறான். இண்டைக்கு மிதிச்சுக் காட்டுறன் பார்' எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு போனவர். படலையடியில நிண்டு இன்னொருக்காலும் திரும்பிச் சிரிச்சவர்."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"விடியக் கண்டுபிடிச்ச இடத்துக்கு நான் ஓடினனான். பொலிஸ் வர முன்னம். பாதையில கிடந்த குழையில இவரின்ர செருப்படி கிடந்தது. பூவரசங்குழை. ஊர்ச் சனம் குழை எண்டு கண்டுது, என்ன குழை எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. நவம் எங்கட வேலியில ஒரு இலை கிள்ளமாட்டான் அண்ணை. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

முறிந்த கொப்பைத் தடவிக்கொண்டு கேட்டாள்: "அண்டைக்கு நான் வந்து கேக்கேக்கை, வெடி கேட்டது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பண்டி எண்டோ நினைச்சனீங்கள்?"

"பண்டி எண்டுதான் நினைச்சன், தங்கச்சி. சத்தியமாய்."

"அவர் அங்கை கிடந்தவர். நான் சிரிச்சுக்கொண்டு வீட்டை வந்து சோத்தை மூடி வச்சன்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "நாளைக்கு எத்தினை மணி பஸ்?" என்றாள்.

மார்ச் 5, புதன்

மிஸி, இன்று கிளினிக். ஆனால் முதலில் பொலிஸுக்குப் போகிறோம். இந்த டயரியை அங்கேதான் கொடுப்பேன். உங்களிடம் வந்து சேருமோ தெரியாது. அதனால் இதில் எழுதின பொய்களை இப்போது திருத்துகிறேன்.

நைலோன் நூல் கோழிக்கூட்டுக்கு இல்லை. கோழிக்கூடு இன்றைக்கும் ஓட்டையாய்த்தான் கிடக்கிறது. 15ஆம் தேதி பரணில் துடைத்தது துவக்கை. என் தகப்பன் காலத்துச் சாமான். ஊருக்குத் தெரியாமல் சாக்கில் சுத்தி வைத்திருந்தேன். 18ஆம் தேதி காட்டுக்குள் போனேன். நவம் தூங்கிக்கொண்டிருந்தான். பன்றியை விழுத்தி, விடிய அவனை எழுப்பி, "மருமோன், எழும்பிப் பார்" என்று சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஆசை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் கட்டினேன்.

குழைக்கு வீரை முறித்திருக்க வேண்டும். வீரை மேட்டில் நின்றது, கால் நோவோடு ஏற அலுப்பாய் இருந்தது. அதனால் வழியில் மயிலின் வேலியிலேயே இரண்டு முறித்துக்கொண்டு போனேன். கை பழக்கத்தில் போய்விட்டது என்று எழுதப் பார்த்தேன். அதுவும் பொய். முறிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இதுதான் உண்மை.

21ஆம் தேதி எழுதினேனே, நான் வாய் திறக்கமுதல் நவம் முன்னால் போய்விட்டான் என்று. நான் வாய் திறக்கவே இல்லை. பெரியவர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் நவம் போனான்.

பலகாரமும் தின்றேன். கலியாண வீட்டுப் பயத்தம் பணியாரம், ஐந்து.

தவமலருக்கு விடிய எழும்பிச் சொன்னேன். என்னோடு கதைக்கவில்லை. ஆனால் என் காலைக் கழுவி, புதுத் துணி கட்டிவிட்டாள்.

பஸ் நிற்கிற ஹோல்ட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் பரமேசு இருக்கிறாள். அவள் மடியில் பேப்பரில் சுத்தின ஒரு பொட்டலம். அன்றைக்குப் பாதையில் இருந்து எடுத்து வைத்த குழை. இலையெல்லாம் காய்ந்து சுருண்டுவிட்டது. செருப்படி இருக்கிற இலை மட்டும் நொறுங்காமல் இருக்க, அதைத் தனியாய் மயிலின் வேட்டித் துண்டில் மடித்திருக்கிறாள். என் பேச்சை நம்பாவிட்டாலும் அவள் பேச்சை நம்புவார்கள்.

"அண்ணை, பஸ் வருது. எழும்புங்கோ."

காலை: ஒன்றும் இல்லை. குளிசை: போட்டேன். நடை: பொலிஸ் வரைக்கும்.